மலைக்குத் தூக்கிப்போகும் துப்பாக்கி: எடை குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

நியூசிலாந்தின் தென் தீவில், ஆவோராக்கி எனப்படும் மவுண்ட் குக் பகுதியில், 1904இல் சில இமாலய வரையாடுகள் கொண்டுவந்து விடப்பட்டன. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பிரபு அனுப்பிய பரிசு அது. நம் நீலகிரி வரையாட்டுக்கு அவை பெயரில் மட்டுமே உறவு. மரபணு ஆய்வுகள் நம்முடையதைச் செம்மறிக் குடும்பத்துக்குப் பக்கத்தில் வைக்கின்றன. வேட்டையாடித் தின்னும் விலங்கே இல்லாத மலையில் அந்த ஆடுகள் பெருகின. வேறெங்கும் வளராத பனிமலைச் செடிகளை மேய்ந்து தீர்த்தன. 1993இல் அந்நாட்டு அரசு ஒரு கட்டுப்பாட்டுத் திட்டம் வகுத்து, எண்ணிக்கை 10,000ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நினைத்துப் பார்க்க முடியாத வேட்டை, அங்கே இறைச்சிக்கான வழி மட்டுமல்ல, மலையைக் காக்கும் வேலையின் ஒரு பகுதியும்கூட.

அந்த வேலைக்குப் போகிறவர் கூடாரம், உணவு, கயிறு, கத்தி எல்லாவற்றோடும் சரளைச் சரிவில் நாள் முழுக்க ஏறுகிறார். சுடுவது ஒரு முறையோ இரண்டு முறையோதான்; அல்லது சுடாமலே இறங்குகிறார். 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிப் படுகொலைகளுக்குப் பிறகு பெரும்பாலான அரைத்தானியங்கி ரகங்கள் தடை செய்யப்பட்டதால், மலைக்குப் போகும் துப்பாக்கி என்றால் அங்கே இன்று போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள்தான். அதை லேசாக வாங்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எவ்வளவு லேசாக, எதை இழந்து லேசாக என்பதில்தான் தவறான நம்பிக்கைகள் புகுந்துவிடுகின்றன. அவற்றால் கெடுவது வாங்கியவரின் பணம் மட்டும் அல்ல. குண்டு தவறான இடத்தில் பட்ட ஆடு பாறை இடுக்கில் மணிக்கணக்கில் கிடந்து சாகிறது.

“விலைப்பட்டியலில் உள்ள எடைதான் துப்பாக்கியின் எடை”

அது வெறும் துப்பாக்கியின் எடை. கிம்பர் மொன்டானா .308 ரகத்தில் சுமார் 2.3 கிலோ. டிக்கா டி3எக்ஸ் லைட் 2.9 கிலோவை ஒட்டி வரும். இதன்மேல் ஸ்கோப், அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்கள், தோள்வார், நாலு தோட்டா, சைலன்சர் எல்லாம் ஏறும். .308 தோட்டா நாலு சேர்ந்தால் ஏறக்குறைய 100 கிராம். சிறிய ஸ்கோப் 350 கிராமில் கிடைக்கிறது. தூரச் சுடுதலுக்கென்று செய்த பெரிய ஸ்கோப் 800 கிராமைத் தாண்டிவிடும். பெருந்தொகை கொடுத்து அரை கிலோ குறைவான துப்பாக்கியை வாங்கி, அதன் தலையில் அதே அரை கிலோவை ஸ்கோப்பாக ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். எல்லாவற்றையும் பூட்டி, தோட்டாவும் போடும் நிலையில் தராசில் வைத்தால் வருவதே மலையில் உங்கள் தோள் சுமக்கும் எடை. எடை குறைக்க ஆசைப்படுகிறவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் ஸ்கோப். அதில் குறையும் ஒவ்வொரு கிராமும் துப்பாக்கியில் குறைப்பதைவிட மலிவு.

“எவ்வளவு லேசோ, அவ்வளவு நல்லது”

இந்த நம்பிக்கையில்தான் ஆபத்து அதிகம். நின்று பேச வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. ஒரே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் உதையின் ஆற்றல் ஏறும். நாலில் ஒரு பங்கு எடையைக் குறைத்தால், உதை மூன்றில் ஒரு பங்கு கூடும். எந்தக் கம்பெனியின் எந்த நுட்பமும் மாற்ற முடியாத கணக்கு இது.

இந்தப் பாடத்தைப் பிரிட்டிஷ் ராணுவம் போரில் கற்றது. 1944இல் வெளிவந்த லீ-என்ஃபீல்டு நம்பர் 5, ‘ஜங்கிள் கார்பைன்’ என்று பெயர்பெற்றது. நம்பர் 4 ரைஃபிளின் குழலைக் குறுக்கி, உடலில் அங்கங்கே இரும்பைச் சீவி, ஏறத்தாழ நாலு கிலோவை 3.2 கிலோ ஆக்கினார்கள். தோட்டா மட்டும் அதே .303. தோளில் பதியும் ரப்பர் பட்டையையும் குறுகலாக வைத்ததால், உதை ஒரே இடத்தில் குத்தியது. பின்னாளில் மலாயாக் காடுகளிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் அதைச் சுமந்தவர்களுக்குத் தூக்க எளிது, சுடக் கடினம். அதன் குறி நிலையாக நிற்பதில்லை, அலைகிறது என்ற புகாரும் எழுந்தது. 1947இல் உற்பத்தி நின்றது. குறி அலைந்தது துப்பாக்கியின் குற்றமா, சுட்டவரின் தோள் பட்ட பாடா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. உதையைப் பற்றி வாதமே இல்லை.

உதை வலிப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. அது சுடுகிறவரின் உடம்புக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. சுடுகளத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நண்பர் ஒருவர் நல்ல தோட்டாக்களுக்கிடையே ஒரு போலித் தோட்டாவைச் சுடுகிறவருக்குத் தெரியாமல் கலந்து வைப்பார். முதல் வேட்டு, இரண்டாவது வேட்டு. மூன்றாவதில் விசையை இழுத்ததும் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வரும். வெடிக்கவே இல்லை, ஆனால் குழல்வாய் நாலு விரற்கடை கீழே இறங்கியிருக்கும், தோள் முன்னே தள்ளியிருக்கும், கண் மூடித் திறந்திருக்கும். வரப்போகும் உதைக்கு உடம்பு முன்கூட்டியே அஞ்சியிருக்கிறது. 200 மீட்டர் தூரத்து ஆட்டின் மீது இதே நடந்தால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய்ப் படும்.

இன்னொன்றும் உண்டு. கனமான துப்பாக்கி கையின் நடுக்கத்தைத் தன் எடையால் அடக்கிக்கொள்ளும். லேசான துப்பாக்கி இதயத் துடிப்பைக்கூடக் குறிக்கோட்டில் காட்டும். மேடேறி மூச்சு வாங்கும் நேரத்தில் இது இரட்டிப்பாகிறது. விசையை இழுக்கப் பெரும் விரல்பலம் வேண்டியிருந்தால், அந்த இழுப்பே துப்பாக்கியைத் திருப்பிவிடும். ஆகவே லேசான துப்பாக்கி வாங்குகிறவர் விசை இழுப்பு மென்மையாகவும் உதறலின்றியும் இருக்கிறதா என்று மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். முதுகுப்பையைக் கிடத்தி, அதன் மேல் துப்பாக்கியின் முன்கட்டையை வைத்து, படுத்துச் சுடுவதே மலையில் நம்பகமான முறை. குழலைப் பாறைமேல் வைத்துச் சுட்டால் அது துள்ளும், குறி மேலே போகும்.

அப்படியானால் சரியான எடை எது? அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் 1980களில் ‘ஸ்கவுட் ரைஃபிள்’ என்ற கருத்தை வகுத்தபோது, ஸ்கோப்பும் தோள்வாரும் சேர்த்து 3 கிலோவை இலக்காகவும் 3.5 கிலோவை உச்சமாகவும் வைத்தார். நீளம் ஒரு மீட்டருக்குள். அவருடைய மற்ற விதிகளில் சிலவற்றை நான் ஏற்பதில்லை. குறிப்பாக, ஸ்கோப்பைக் குழலின் மேல் முன்தள்ளி வைக்கும் முறை மங்கிய வெளிச்சத்தில் கைகொடுப்பதில்லை. எடைக் கணக்கில் அவர் சொன்னது இன்றும் சரி.

“மெல்லிய குழல் குறி தவறும்”

மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும் என்பது உண்மை. ஏழெட்டு முறை விடாமல் சுட்டால் குண்டுகள் சிதறத் தொடங்கும். மலையில் அப்படி எவரும் சுடுவதில்லை. குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே படுகிறது என்பதே கேள்வி. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது: ஒரே தாளில், வெவ்வேறு நாட்களில், நாளுக்கு ஒரு குண்டு. அந்தத் தாள் சொல்வதை நம்பலாம்.

மேற்கு வர்ஜீனியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸ் 1980களில் செய்யத் தொடங்கிய அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் துப்பாக்கிகள், ஸ்கோப் இல்லாமல் இரண்டேகால் கிலோவுக்குள் அடங்கின. குறியிலும் பேர் வாங்கின. இரும்பைக் கண்டபடி சீவி அவர் எடையைக் குறைக்கவில்லை. தோட்டாவின் அளவுக்கேற்ப இயக்கப் பகுதியைச் சிறிதாக்கினார். கட்டையைக் கெவ்லாரிலும் கார்பன் இழையிலும் விறைப்பாகச் செய்து, குழல் முழுக்க அதில் படிந்து உட்காரும்படி வைத்தார். மலிவான லேசுத் துப்பாக்கிகளில் குறி கெடுவது பெரும்பாலும் குழலால் அல்ல, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் கட்டையால்தான். கடையிலேயே முன்கட்டையை விரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் வளைந்து குழலைத் தொட்டால், அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுங்கள்.

குழலில் நீளவாக்கில் வரிப்பள்ளம் வெட்டினால் அது உறுதியாகும் என்பதும் இதோடு சேர்ந்த நம்பிக்கை. இரும்பை எடுத்தால் உறுதி கூடாது, குறையும். அதே எடையுள்ள வழுவழுப்பான மெல்லிய குழலோடு ஒப்பிட்டால் மட்டும் வரிக்குழல் விறைப்பானது. விற்பவர்கள் இந்த இரண்டாவது ஒப்பீட்டைச் சொல்லி, முதலாவதை நம்பவைக்கிறார்கள்.

“மலைக்கு மேக்னம் தோட்டா வேண்டும்”

வேண்டாம். லேசான துப்பாக்கியில் .300 மேக்னம் போன்ற அதிக மருந்துள்ள தோட்டாவைப் போடுவது, மேலே சொன்ன உதைக் கணக்கை எதிரியாக்கிக்கொள்வது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹெவெட் பரிசளித்த துப்பாக்கி .275 ரிக்பி, 7x57 மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. அதே தோட்டாவால் ‘கரமோஜோ’ பெல் என்ற வேட்டைக்காரர் ஆப்பிரிக்காவில் யானைகளையே வீழ்த்தினார். யானை வேட்டையை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. விலங்கின் உடலமைப்பை அறிந்து, உதைக்கு அஞ்சாமல் இடம் பார்த்துச் சுட்டதே அவருடைய பலம். இன்று மலையாட்டு வேட்டைக்கு வேண்டிய வேலையை 7 மி.மீ-08, .308, 6.5 கிரீட்மோர் ஆகியவை தாராளமாகச் செய்கின்றன.

குறுகிய குழலில் வேகம் செத்துவிடும் என்பதும் மிகை. .308இல் 24 அங்குலத்தை 20 ஆக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகம் போகும். மலையில் சுடத் தகுந்த தூரங்களில் அது ஓரிரு அங்குலத்துக்கு மேல் பேசாது.

“சைலன்சர் மாட்டினால் சத்தமே வராது”

சினிமா கற்றுக்கொடுத்தது. ஒலியைவிட வேகமாகப் பாயும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசையை எந்தச் சைலன்சரும் அடக்காது. 160 டெசிபல் அளவிலான வேட்டொலியை அது 20, 30 டெசிபல் குறைக்கும், உதையையும் தணிக்கும். நியூசிலாந்தில் அது சட்டப்படி செல்லும், பரவலாகவும் இருக்கிறது. காதுக்கும் தோளுக்கும் நன்மை செய்யும் அந்த 300, 400 கிராமைச் சுமப்பதில் தவறில்லை. அதற்குப் பதிலாகக் குழல்வாயில் துளையிட்ட மஸில் பிரேக்கைப் பூட்டுகிறவர்கள், உதையைக் குறைத்துக்கொண்டு சத்தத்தைத் தங்கள் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் திருப்பிவிடுகிறார்கள். போன கேட்கும் திறன் திரும்பி வராது.

“பாதுகாப்பு விசை போட்டிருக்கிறேன், பயமில்லை”

பாதுகாப்பு விசை ஓர் இயந்திரப் பாகம். சரளையில் வழுக்கி விழும்போது அதை நம்பி உயிரை வைக்கக் கூடாது. ஏறும்போது தோட்டாக்கள் அடிப்பெட்டியில் இருக்கட்டும், குழலறை காலியாக இருக்கட்டும். போல்ட்டை இழுத்துத் தள்ள ஒரு நொடி போதும். சுடத் தயாராகும்போதுதான் தோட்டா ஏற்ற வேண்டும் என்பது நியூசிலாந்தின் ஏழு பாதுகாப்பு விதிகளில் ஒன்று. இலக்கு இன்னதென்று துளி ஐயமும் இல்லாமல் அறிந்த பிறகே சுட வேண்டும் என்பது இன்னொன்று.

என் தீர்ப்பு இது: ஸ்கோப்பும் தோள்வாரும் சேர்த்து 3 முதல் 3.5 கிலோ, 20 முதல் 22 அங்குலக் குழல், விறைப்பான கட்டை, மென்மையான விசை, நடுத்தரத் தோட்டா. இதற்குக் கீழே போகும் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும், சுடுவதும் கடினமாகிக்கொண்டே போகும். அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கி, மலைக்குப் போகும் முன் சுடுகளத்தில் பையின்மேல் வைத்துப் படுத்துச் சுட்டுப் பழகுங்கள்.