பழைய காருக்குப் புதிய கொன்வேர்ட்டர்: மாற்றுவதா, விடுவதா?

மலையகத்தில் கடை நடத்தும் எம்மில் பலர் இருபது வயதைக் கடந்த காரைத்தான் ஓட்டுகிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே பழையதைக் கைவிட முடியவில்லை. அப்படிப்பட்ட பெற்றோல் காரில் 'கெட்டலிக் கொன்வேர்ட்டர் போய்விட்டது' என்று கராஜில் சொன்னால், அதையும் ஒரு கொள்முதலாக எண்ணிக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கொன்வேர்ட்டர் என்பது சைலன்சருக்கு முன்னால் புகைக்குழாயில் உள்ள பெட்டி. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன்மேல் பிளட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் பூச்சு. சூடேறியதும் நச்சான காபனோரொட்சைட்டையும் எரியாத பெற்றோல் ஆவியையும் அது காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாற்றும்.

இது பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை, எஞ்சின்தான் கெடுக்கிறது. பிளக் சரியாக எரியாவிட்டால், மிஞ்சிய பெற்றோல் இதற்குள் எரிந்து பீங்கானை உருக்கிவிடும். எஞ்சின் ஒயில் எரிந்தால் அதன் படிவு பூச்சை மூடிவிடும். காரணத்தைத் திருத்தாமல் புதியதைப் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

கொட்டகலையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும்போது ஏற்றத்தில் என் காரின் இழுவை குறைந்தது. கொன்வேர்ட்டரை மாற்றச் சொன்னார்கள். நான் முதலில் பிளக்கையும் கொயிலையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கொயில் பழுதாகியிருந்தது. அதை மாற்றியதும் கார் பழையபடி இழுத்தது. புகைப் பரிசோதனையிலும் தேறியது.

எனவே வரிசைப்படி பாருங்கள். ஸ்கேனரில் பீ0420 என்று காட்டினாலும் ஒட்சிசன் சென்சரையும் குழாய்க் கசிவையும் சோதியுங்கள். பெட்டியைத் தட்டினால் உள்ளே உடைந்த சத்தம் கேட்கிறதா? புகை வெளியேற முடியாமல் அடைத்திருக்கிறதா? அப்படியானால் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது கணக்கு. செலவு ஒரு இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். காரை இன்னும் 4 ஆண்டுகள் வைத்திருந்தால் மாதம் சுமார் 2,100 ரூபா. ஓராண்டில் விற்பதானால் மாதம் 8,300 ரூபாவுக்கு மேல். மலிவானவற்றில் உலோகப் பூச்சு பெரும்பாலும் குறைவு, ஆயுளும் குறைவு. அதையும் சேர்த்தே எண்ணுங்கள். கழற்றிய ஒரிஜினலைக் கராஜில் விட்டு வராதீர்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்காக அதற்கு நல்ல விலை உண்டு.

'பெட்டியை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடலாம்' என்பார்கள். 2008 இல் நாட்டில் ஆரம்பமான புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியும். வெறும் குழாயோடு அங்கே தவறினால் இரட்டைச் செலவு. அதைச் சொல்லாமல் காரை விற்றாலோ, குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல. நஞ்சுப் புகையும் நம் கடைத்தெருவில்தான் சுற்றும்.

முதலில் காரணம், பிறகு கணக்கு, கடைசியில்தான் பணப்பை.