கம்பன் மேடையில் முதல் பேச்சு

கேள்வி: காரைக்குடியில் கம்பனைப் பற்றி 15 நிமிடம் பேச முதன்முறையாக அழைத்திருக்கிறார்கள். எப்படித் தயாராவது?
- கல்லூரி மாணவி, தேவகோட்டை

பதில்: வாழ்த்துகள்! கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் அது. பங்குனி அத்தத்தில் நாட்டரசன்கோட்டைக் கம்பன் சமாதிக்கே போய் விழா எடுக்கும் மண். முன்வரிசைப் பெரியவர்கள் பலருக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம். ஒரு சீர் தவறினாலும் கண்டுகொள்வார்கள்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஒரு படலம், ஒரு கேள்வி போதும். வாலி வதைப் படலத்தையே எடுங்களேன். மார்பில் தைத்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் பொறித்திருக்கும் 'இராம' நாமத்தை வாலி படிக்கிறான். அந்தக் கணத்தில் அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? பேச்சை அங்கேயே தொடங்குங்கள்.

மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் பதம் பிரித்துப் பொருளை உள்வாங்குங்கள்; பிறகு சந்தி சேர்த்து, நாக்குப் பழகும்வரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவை வணக்கம் சுருக்கமாக இருக்கட்டும். தொடக்கத்தையும் முடிவையும் எழுதியே வையுங்கள். 12 நிமிடத்துக்குத் தயாரித்தால் 15-இல் முடிப்பீர்கள். சா. கணேசன் நேரந்தவறாமைக்குப் பேர்போனவர்; அவர் ஊரில் மணியடித்த பிறகும் பேசுவது அழகல்ல.

துணிந்து பேசுங்கள். உழைத்துப் படித்தவரைக் கம்பன் கைவிட மாட்டான்.