தண்ணீர் என்றாலே வாயை மூடிக்கொள்ளும் பேரப்பிள்ளை
விழுங்குவதில் சிரமப்படும் சிறு குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டிகளுக்கு

சிங்கப்பூரில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் பல வீடுகளில், பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுவதும் தண்ணீர் கொடுப்பதும் தாத்தா, பாட்டியின் பொறுப்பாகவே இருக்கின்றன. ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தை சோற்றை ஓரளவு சாப்பிடுகிறது. ஆனால் தண்ணீர், பால், மைலோ என எதைக் காட்டினாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறது. இதைப் பிடிவாதம் என்று நினைப்பது இயல்பு. சில குழந்தைகளுக்கு அது பிடிவாதமாகவே இருக்கலாம். வேறு சில குழந்தைகளுக்கு அது தற்காப்பு. தண்ணீர் குடித்தால் மூச்சு முட்டுகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் தெரியாது.

இவ்விரண்டில் எது என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது கடினம். ஆகவே, காரணம் தெரியும்வரை கட்டாயப்படுத்தி ஊற்றாதீர்கள். அதே நேரத்தில், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

சோறு இறங்குகிறது, தண்ணீர் ஏன் இறங்கவில்லை?

நம் தொண்டையில் இரண்டு குழாய்கள் தொடங்குகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். பின்னால் இருப்பது உணவுக்குழாய். விழுங்கும் அந்த நொடியில் மூச்சு சற்று நிற்கிறது. மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்கிறது. உணவு அதைத் தாண்டிப் பின்பக்கம் இறங்குகிறது. இது ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை நாம் அறியாமலே நடக்கும் வேலை.

குழைத்த சோறு ஒரே திரளாக, மெதுவாக நகரும். வாசலை மூடுவதற்குக் குழந்தைக்கு நேரம் கிடைக்கிறது. தண்ணீர் அப்படியல்ல. நாக்கில் பட்டதும் ஓடிவிடும். வாயின் தசைகள் பலவீனமாக இருந்தாலோ, விழுங்கும் செயல் ஒரு நொடி தாமதமானாலோ, வாசல் மூடுவதற்குள் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் நுழைந்துவிடும். “சோறே சாப்பிடுகிறான், தண்ணீர் குடிப்பதில் என்ன கஷ்டம்?” என்று கேட்கத் தோன்றும். உண்மையில், இப்படிப்பட்ட குழந்தைக்குத் தண்ணீர்தான் மிகவும் கடினமான உணவு.

தமிழில் இதற்கு “புரையேறுதல்” என்ற நல்ல சொல் இருக்கிறது. புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லி, உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். எப்போதாவது ஒருமுறை புரையேறினால் கவலை வேண்டாம், எல்லாருக்கும் நடப்பதுதான். குடிக்கும்போதெல்லாம் புரையேறினால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறி. இருமும் குழந்தையின் தலையில் தட்டுவதால் பயனில்லை. நிமிர்ந்து உட்காரவைத்து, தானாக இருமி முடிக்க விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சில குழந்தைகளுக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. வெளியே ஒன்றும் தெரியாது; ஆனால் அடிக்கடி சளி, காய்ச்சல், நுரையீரல் அழற்சி என்று வந்துகொண்டிருக்கும். இருமல் இல்லை என்பதை மட்டும் வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், மருத்துவமனையில் நெடுநாள் குழாய் வழியாகப் பால் பெற்றவர்கள், பெருமூளை வாதம், டவுன் சின்ட்ரோம், அண்ணப் பிளவு அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிரமம் கூடுதலாகக் காணப்படுகிறது. முன்பு ஒருமுறை மோசமாக மூச்சு முட்டிய குழந்தை, உடலில் கோளாறு ஏதும் இல்லாமலேயே கோப்பையைக் கண்டு பயப்படலாம். நேற்றுவரை நன்றாகக் குடித்த பிள்ளை இன்று திடீரென்று மறுத்தால், முதலில் வாயைப் பாருங்கள். இங்கு அடிக்கடி பரவும் கை, கால், வாய்ப்புண் நோயில் வாய் எரிச்சலால் குழந்தைகள் குடிக்க மறுப்பார்கள்.

நீங்கள் பார்ப்பதை மருத்துவரால் பார்க்க முடியாது

மருத்துவர் குழந்தையைப் பார்ப்பது சில நிமிடங்கள். மூன்று வேளையும் ஊட்டுபவர் நீங்கள். ஆகவே உங்கள் கவனிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. குடிக்கும்போது இருமுகிறதா, கண்ணில் நீர் வருகிறதா, முகம் சிவக்கிறதா, உதடு நீலம் பூக்கிறதா என்று பாருங்கள். குடித்த பிறகு குரலைக் கேளுங்கள். தொண்டையில் தண்ணீர் தேங்கியதுபோல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால், அது முக்கியமான குறிப்பு. மூச்சு வேகமாகிறதா, வாயிலிருந்தோ மூக்கிலிருந்தோ பால் வழிகிறதா, ஒரு வேளை உணவு அரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று நாள்களுக்கு எழுதிவைத்தால் போதும்: என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு உள்ளே போனது, என்ன நடந்தது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது. முடிந்தால், குழந்தை குடிக்கும் காட்சியைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவமனையில் குழந்தை வாயே திறக்காத நாளில் அந்தப் பதிவு பெரிதும் உதவும்.

இதையெல்லாம் சொல்ல மருத்துவச் சொற்கள் தெரியவேண்டியதில்லை. “தண்ணீர் குடித்தால் தொண்டையில் களகளவென்று சத்தம் வருகிறது” என்று நீங்கள் சொல்வதை மகனோ மகளோ அப்படியே மொழிபெயர்த்தாலே மருத்துவருக்குப் புரிந்துவிடும். “சரியாகச் சாப்பிடுவதில்லை” என்ற பொதுவான பேச்சைவிட அது எவ்வளவோ மேல்.

சங்கும் மடியும்

அந்தக் காலத்தில் குழந்தையை மடியில் கிடத்தி, சங்கில் அல்லது பாலாடையில் பாலை ஊற்றிப் புகட்டுவார்கள். அழும்போது வாய் திறக்கும், அப்போது ஊற்றிவிடலாம் என்று செய்தவர்களும் உண்டு. அன்போடு செய்ததுதான். ஆனால் விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு இது ஆபத்து. அழும் குழந்தை மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கிறது. வாயில் இருக்கும் பாலும் அந்த மூச்சோடு நுரையீரலுக்குப் போகலாம். மூக்கைப் பிடிப்பது, கையைக் கட்டிவைத்து ஊட்டுவது, ஏணையில் தூங்கும் குழந்தையின் வாயில் பால் புட்டியை வைப்பது ஆகியவையும் அப்படித்தான். தவிர, பயத்தோடு குடித்த குழந்தை அடுத்த வேளை இன்னும் இறுக்கமாக வாயை மூடும்.

அண்ணாந்து குடிக்கும் பழக்கமும் இதில் சேர்த்தி. எச்சில் படாமல் குடிப்பது நமக்கு நல்ல பழக்கமாக இருக்கலாம். தலை பின்னால் சாயும்போது தண்ணீர் இன்னும் வேகமாகத் தொண்டைக்கு இறங்கும் என்பதால், இந்தக் குழந்தைக்கு அது வேண்டாம்.

இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் மடங்கி நிற்கும்படி, முதுகு நேராக உட்காரவையுங்கள். கால் தொங்கினால் உடல் ஆடும். பாதத்துக்கு அடியில் சிறு முக்காலியோ பெட்டியோ வையுங்கள். முகவாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். தொலைக்காட்சி வேண்டாம். ஒரு வாய் விழுங்கி முடிந்து, மூச்சு விட்ட பிறகே அடுத்த வாய். சாப்பிட்ட பின் 20 முதல் 30 நிமிடங்கள் படுக்கவைக்காதீர்கள். காலையிலும் இரவிலும் பல் துலக்கிவிடுங்கள். வாய் சுத்தமாக இருந்தால், தவறி உள்ளே போகும் எச்சிலோடு கிருமிகள் போவது குறையும்.

குடிக்காமல் இருந்தால் உடலில் நீர் வற்றாதா?

நியாயமான பயம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு உணவு, பானம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் நீர் தேவைப்படுகிறது. இது முழுவதும் கோப்பையிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. குழையவிட்ட கெட்டிக் கஞ்சி, மசித்த தயிர்ச்சோறு, கேழ்வரகுக் கூழ், பப்பாளி மசியல், கட்டித் தயிர் ஆகியவற்றில் பெரும்பகுதி நீர்தான். மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் நாள்களில், குழந்தை ஏற்கெனவே சிரமமில்லாமல் சாப்பிடும் உணவுகளில் இப்படிப்பட்டவற்றை அடிக்கடி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். நீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் வந்தால் பசி எடுக்காது. எனவே மலம் போவதையும் கவனியுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரசம் விட்ட சோறு எளிதாகத் தோன்றும். வாய்க்குள் போனதும் ரசம் தனியாக ஓடும், சோறு தனியாக நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு விதமாக விழுங்க வேண்டியிருப்பதால், அது வெறும் சோற்றைவிடக் கடினம். தர்பூசணியைக் கடித்தாலும் சாறு இப்படித்தான் பிரியும். ஐஸ்கிரீமும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும். சிறு கிண்ணங்களில் விற்கும் ஜெல்லி தொண்டையை அடைத்துக்கொள்ளக்கூடும். எந்தச் சிறு குழந்தைக்கும் அதைக் கொடுக்க வேண்டாம்.

8 மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் காய்ந்திருக்கிறது, கண் குழிவிழுந்திருக்கிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அன்றே கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ, உதடு நீலமானாலோ, இருமவும் அழவும் முடியாமல் தொண்டை அடைத்தாலோ உடனே 995ஐ அழையுங்கள். என்ன செய்வது என்று தொலைபேசியிலேயே சொல்லித்தருவார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

அவசரம் இல்லாதபோது, முதலில் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லலாம். குழந்தையின் சுகாதாரக் கையேட்டை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எடை ஏறுகிறதா என்பதை அதிலுள்ள வளர்ச்சிக் கோடு காட்டும். தேவைப்பட்டால் மருத்துவர் மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார். அங்கே விழுங்குதலைச் சோதிப்பவர் பேச்சு சிகிச்சையாளர். பேசாத பிள்ளைக்குப் பேச்சு சிகிச்சையா என்று வியக்க வேண்டாம். பேசும் நாக்கும் தொண்டையும்தான் விழுங்கவும் செய்கின்றன.

சில குழந்தைகளுக்கு, விழுங்குவதை எக்ஸ்-ரே வழியாகப் படம்பிடித்துப் பார்ப்பார்கள். பேரியம் என்ற பொருளை உணவிலும் பானத்திலும் கலந்து கொடுப்பார்கள். அது எந்தக் குழாய்க்குள் போகிறது என்று திரையில் தெரியும். இருமல் இல்லாமல் உள்ளே போகும் தண்ணீரையும் இதில் காணலாம். வீட்டில் பயன்படுத்தும் கோப்பை, கரண்டி, பிடித்த உணவு ஆகியவற்றைக் கொண்டுசெல்வது நல்லது.

சோதனைக்குப் பிறகு, பானத்தைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லலாம். அனைத்துலக அளவுமுறையில் பானங்களின் கெட்டித்தன்மை 0 முதல் 4 வரை குறிக்கப்படுகிறது. 0 என்பது சாதாரணத் தண்ணீர். அளந்து பார்ப்பது எளிது. சிகிச்சையாளர் தரும் 10 மில்லிலிட்டர் சிரிஞ்சை, ஊசி இல்லாமல், அடியை விரலால் மூடி நிரப்புங்கள். விரலை எடுத்து 10 நொடி ஒழுகவிட்டு மறுபடி மூடுங்கள். 1 முதல் 4 மில்லிலிட்டர் வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை மிஞ்சினால் நிலை 2. சிரிஞ்சுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல என்பதால், கடையில் வாங்கியதைக் கொண்டு சோதிக்காதீர்கள்.

வீட்டில் தாத்தாவுக்குப் பக்கவாதத்துக்குப் பின் வாங்கிய கெட்டியாக்கும் மாவு டின் இருக்கலாம். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பேரனுக்குக் கலக்கிவிட வேண்டாம். எல்லா மாவும் எல்லா வயதுக்கும் ஏற்றதல்ல. சாந்தன் கோந்து கொண்ட ஒரு கெட்டியாக்கியைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மாவுச்சத்தில் செய்தவை தாய்ப்பாலில் நிற்காது; தாய்ப்பாலில் உள்ள நொதி அதை மறுபடி நீர்க்கச் செய்துவிடும். எச்சிலிலும் அதே வகை நொதி இருக்கிறது. குழந்தையின் வாய்க்குப் போன கரண்டியை மறுபடி கோப்பையில் விட்டால், கெட்டியாக இருந்த பானம் சிறிது நேரத்தில் தண்ணீராகும். இரண்டு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள்.

விழுங்குவதில் ஆபத்து இல்லை, பயம் மட்டுமே என்று சோதனையில் தெரிந்தால் வழி வேறு. வெறும் கோப்பையோடு விளையாட விடுங்கள். நீங்கள் குடிப்பதைப் பார்க்கட்டும். கரண்டி நுனியை நனைத்து உதட்டில் தொடுங்கள். வாயைத் திறந்தால் கொடுங்கள், தலையைத் திருப்பினால் அந்த வேளைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி, ஒரு நாள் இலக்காக இருந்தாலும் தவறில்லை. இதற்கு வாரங்கள் ஆகும்.

சிகிச்சையாளர் சொன்ன நிலை, கோப்பை, அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். இல்லப் பணிப்பெண்ணுக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கும் ஒரு படி கொடுங்கள். சளிக்குக் கொடுக்கும் மருந்துநீரும் தண்ணீர் போன்றதே. அதை எப்படிக் கொடுப்பது என்று மருந்தாளரிடம் கேளுங்கள். தீபாவளிக்கு வரும் உறவினர் ஆசையாக நீட்டும் பெட்டிப் பானத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம், குழந்தையின் வாயில் வைக்க வேண்டாம். கோயிலில் தீர்த்தம் கொடுத்தால் பிள்ளையின் தலையில் தெளித்துவிடுங்கள்.