‘ஸ்ரேற்லெஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: பொருளும் வழக்கும்

ஆங்கிலங் கற்கும் மாணவர்க்குப் பெயரடைகள் எளியனவாகத் தோன்றும். வினைச்சொல்லைப் போல அவை காலத்துக்கேற்பத் திரிவதில்லை; பெயர்ச்சொல்லைப் போல எண்ணுக்கேற்ப மாறுவதுமில்லை. எனினும், ஒரு பெயரடையின் பொருளைப் பிறழ உணர்ந்தால், அது சுட்டும் மனிதரையே பிறழ உணர நேரும். அத்தகைய சொல்லொன்றை ஈண்டு ஆராய்வோம்.

நமுனுகுல மலைச்சாரலிற் பசறைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆங்கிலங் கற்பித்த காலத்தில், ‘லெஸ்’ என்னும் விகுதி பெற்ற சொற்கள் நான்கினை எழுதுமாறு ஒருநாள் பணித்தோம். ‘கெயார்லெஸ்’, ‘யூஸ்லெஸ்’, ‘ஷேம்லெஸ்’ என எழுதிய மாணவன் ஒருவன், ஈற்றில் ‘ஸ்ரேற்லெஸ்’ என எழுதியிருந்தான். தன் பாட்டனாரின் பழைய பத்திரமொன்றிற் கண்ட சொல் அது என்றான். பின்னர், “சேர், எங்கள் தாத்தா என்ன பிழை செய்தார்?” எனக் கேட்டான். முந்திய மூன்றும் பழிச்சொற்களாதலின், நான்காவதையும் அவன் அவ்வரிசையிலே வைத்து எண்ணிவிட்டான்.

முதலில் விகுதியை நோக்குவோம். பெயர்ச்சொல்லின் ஈற்றில் ‘லெஸ்’ சேருங்கால், அப்பெயர் குறிக்கும் பொருளின் இன்மையை உணர்த்தும். அவ்வின்மை இகழ்ச்சியாவதும் புகழ்ச்சியாவதும் இல்லாத பொருளைப் பொறுத்தன. ‘ஷேம்லெஸ்’ நாணமின்மையையும், ‘ஸ்பொட்லெஸ்’ மாசின்மையையும் சுட்டும். தமிழிலும் ‘பண்பற்ற’ என்பது பழி. ‘குறையற்ற’ என்பது புகழ். வீடின்மையைச் சுட்டும் ‘ஹோம்லெஸ்’ போன்ற சொற்களோ ஒருவர்க்கு நேர்ந்த நிலையை மாத்திரம் உரைப்பன. ‘ஸ்ரேற்லெஸ்’ இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது.

அடுத்துப் பகுதியை நோக்குவோம். ‘ஸ்ரேற்’ என்பதற்கு நிலைமை என்றும் அரசு என்றும் இரு பொருள் உண்டு. இங்கே அரசு என்பதே பொருள். எந்த அரசும் தனது சட்டத்தின்படி தன் பிரசையாகக் கொள்ளாத ஒருவரையே இச்சொல் குறிக்குமென 1954 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை வரையறுக்கின்றது. தமிழில் இதனை ‘நாடற்றவர்’ என வழங்கி வந்தோம். நாடு என்னுஞ் சொல் நமக்குப் பிறந்த மண்ணையும் வாழும் ஊரையும் உணர்த்துவதாகும். நமுனுகுலச் சாரலிற் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அம்மண்ணிலேயே அடக்கமானவர்க்கு நாடில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்? அவர்க்கு இல்லாதிருந்தது பிரசாவுரிமை. ஆதலின் ‘பிரசாவுரிமையற்றவர்’ என்பதே செம்மையான பெயர்ப்பாகும்.

இனி வழக்கு. இப்பெயரடை பெயருக்கு முன்னும் வரும். ‘இஸ்’, ‘வாஸ்’ முதலியவற்றின் பின்னும் வரும். ‘த’ என்னுஞ் சுட்டினை முன்னே பெற்று அந்நிலையினர் அனைவரையும் குறிக்கும். ‘கெயார்லெஸ்’ என்பதற்கு முன் ‘வெரி’ சேர்க்கலாம். இதற்கு முன் சேர்த்தல் பொருந்தாது. பிரசாவுரிமை உண்டு அல்லது இல்லை. அதில் ஏற்றத்தாழ்வு கிடையாது.

இதனோடு சேரும் வினையே மிகவும் கவனித்தற்குரியது. ‘பிகேம்’ என்றால் தானே ஆனார் என்றாகும். ‘வாஸ் மேட்’ என்றால் ஆக்கப்பட்டார் என்றாகும். எது பொருந்துமென்பதற்கு வரலாறே சான்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்தமை மாத்திரம் போதாது. தந்தையும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இங்குப் பிறந்தமையைக் காட்டல் வேண்டும். பிறப்புப் பதிவில்லாத தோட்ட மக்கள் பலர்க்கு அஃது இயலாததாயிற்று. 1964 ஒக்டோபர் 30 இல் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இவ்வாறு எண்ணிப் பிரிக்கப்பட்டோர்க்கு ‘வாஸ் மேட்’ என்னும் செயப்பாட்டு வினையே உரியது.

காலமும் நோக்கற்பாலது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கின. எனவே மலையகச் சமூகத்தை இன்று இப்பெயரடையாற் சுட்டுதல் தகாது. இறந்தகால வரலாறாகவே உரைத்தல் வேண்டும்.

இவையெல்லாங் கேட்ட பின், அம்மாணவன் தன் பாட்டனாரைப் பற்றிப் புதியதொரு வாக்கியம் எழுதிக் காட்டினான்: ‘மை கிராண்ட்ஃபாதர் வாஸ் மேட் ஸ்ரேற்லெஸ் பை லோ.’ என் பாட்டனார் சட்டத்தினாற் பிரசாவுரிமையற்றவராக்கப்பட்டார் என்பது அதன் பொருள். அதிலே திருத்துவதற்கு யாதொன்றும் இருக்கவில்லை.