எண்ணெய் வடிகட்டியைக் கைக்கெட்டும் இடத்திற்கு மாற்றுதல்

தோட்டத்து லோரியின் உழைப்பு, நெடுஞ்சாலையில் ஓடும் லோரியின் உழைப்பைப் போன்றதன்று. நெடுஞ்சாலை லோரி ஒரே வேகத்தில் நூறு மைல் ஓடும். அதன் இயந்திரம் சீராகச் சூடேறிச் சீராக வேலை செய்யும். நம் லோரியோ வெட்டுக்காட்டின் செம்மண் பாதையில் முதற்கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து செல்கிறது. பால் ஸ்டோரில் இயந்திரத்தை அணைக்காமலே நிற்கிறது. இரண்டு மைல் போய் ஓய்கிறது, மறுபடியும் புறப்படுகிறது. வெயில் காலத்தில் தூசி. மழை காலத்தில் சேறு. இயந்திர எண்ணெய் விரைவில் கெடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. ஆதலால் வண்டியைச் செய்தவர்களின் கையேடுகள் பலவும், இத்தகைய கடின உழைப்புக்கு உள்ளாகும் வண்டிகளில் எண்ணெயை வழக்கத்தினும் முன்னதாகவே மாற்ற வேண்டும் என்று தனியே குறிப்பிடுகின்றன.

மலாய் மொழியில் 'மிஞாக் ஹித்தாம்' என்றும், நம்மவர் பேச்சில் கறுப்பெண்ணெய் என்றும் வழங்கும் இந்த எண்ணெய், டின்னிலிருந்து ஊற்றும்போது கறுப்பாக இருப்பதில்லை. தேன் நிறத்தில் இருக்கிறது. இயந்திரத்தினுள் உண்டாகும் கரியையும், தேய்ந்து உதிரும் உலோகத் துகளையும், எப்படியோ உள்ளே புகுந்துவிடும் தூசியையும் தன்னோடு சேர்த்துச் சுமப்பதால்தான் அது கறுக்கிறது. சுமக்கும் அழுக்கைப் பிடித்து நிறுத்துவது எண்ணெய் வடிகட்டியின் வேலை. 1923ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்வீட்லண்ட், கிரீன்ஹால் என்னும் இருவர் மோட்டார் வண்டிக்கென எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினர். அதற்கு முன் வண்டி வைத்திருந்தவர்கள் சில நூறு மைலுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டியிருந்தது. இன்று நாம் காணும், டப்பாவைப் போல் திருகிக் கழற்றும் வடிகட்டி 1950களில் வந்தது. அதனுள் மடிப்பு மடிப்பாக வைக்கப்பட்ட தாள், 20 அல்லது 30 மைக்ரோன் அளவுள்ள துகள்களையும் பெரும்பாலும் தடுத்துவிடும். மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோன் கனமுள்ளது என்பதைக் கொண்டு இதன் நுண்மையை உணரலாம்.

இத்துணை நன்மை செய்யும் பொருளை இயந்திரம் வரைபவர்கள் சிலவேளைகளில் எங்கே வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் வியப்பு. 1980களில் பரவலாக ஓடிய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளின் 22ஆர் பெட்ரோல் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். உறுதிக்குப் பெயர் பெற்ற இயந்திரம் அது. ஆனால் அதன் வடிகட்டி, காற்று நுழையும் குழாய்த் தொகுதியின் அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. மேலிருந்து கைவிட இடமில்லை. கீழிருந்து கைவிட்டால் தண்டுகளும் கம்பிகளும் குறுக்கே நிற்கும். லோரிகளிலும் இவ்வாறு மறைவிடத்தில் வடிகட்டி அமைந்தவை உண்டு. டிரைவர் மல்லாந்து படுத்துக் கையை முழங்கை வரை நுழைத்துத் திருக, சூடான எண்ணெய் அக்கை வழியே அக்குளுக்கு இறங்குகிறது. மீதி எண்ணெய் அடிச்சட்டத்திலும் தரையிலும் வழிகிறது.

இதனால் விளையும் பெருங்கேடு சட்டை அழுக்காவதன்று. செய்வதற்குத் தொல்லையான வேலையை மனிதர் ஒத்திப்போடுவர் என்பதே பெருங்கேடு. எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு, 'வடிகட்டியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவதை எத்தனையோ பட்டறைகளில் காணலாம். அழுக்கால் அடைபட்ட வடிகட்டி எண்ணெயைப் போகவிடாது. அப்போது இயந்திரம் வறண்டுபோகாமல் இருக்க ஒரு மாற்றுவழி வால்வு திறந்துகொள்ளும். அந்த வால்வின் வழியே செல்லும் எண்ணெய் வடிகட்டப்படாத எண்ணெய். அழுக்கெல்லாம் நேரே கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்குச் செல்கிறது; டர்போ உள்ள வண்டியானால் அதன் பேரிங்குகளுக்கும் செல்கிறது. டிரைவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை, விளக்கும் எரிவதில்லை. பல மாதங்களுக்குப் பின், பால் ஏற்றிய லோரி காட்டு நடுவே தட்டும் ஓசையுடன் நின்றுபோகிறது.

இதற்கு ஒரு நல்ல வழி, வடிகட்டியை அது இருக்கும் இடத்திலிருந்து எடுத்து அடிச்சட்டத்தின் ஓரத்தில் கைக்கெட்டும் இடத்தில் பொருத்துவது. வடிகட்டி இருந்த இடத்தில் 'அடாப்டர்' எனப்படும் தட்டையான உலோக மூடி திருகப்படும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்படும்: ஒன்று எண்ணெயை வெளியே கொண்டுவரும், மற்றொன்று திரும்பக் கொண்டுசெல்லும். அக்குழாய்களின் மறுமுனையில் வடிகட்டித் தலை இருக்கும். புதிய வடிகட்டி அத்தலையில் திருகிக்கொள்ளும். இவையனைத்தும் தொகுப்பாகவே உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குமுன் பழைய வடிகட்டியின் மரை அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 20 மில்லிமீட்டர் மரையும் முக்கால் அங்குல மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றில் ஒன்றை வலிந்து திருகினால் மரை அழியும்.

எல்லா லோரிக்கும் இது தேவையா? தேவையில்லை என்பதே நம் கருத்து. நின்றபடியே கையை நீட்டி வடிகட்டியைக் கழற்ற முடிகிற வண்டியில் இம்மாற்றத்தைச் செய்வது வீண் வேலை. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு இணைப்பும் எண்ணெய் கசியக்கூடிய ஓர் இடமாகும். அவ்விலையைக் கொடுப்பதற்கேற்ற பயன் இருக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத புதிய லோரியிலும் கைவைத்தல் கூடாது. தோட்ட வண்டியானால் மானேஜரின் அனுமதியும் பட்டறைத் தலைவரின் மேற்பார்வையும் பெற்ற பின்னரே தொடங்க வேண்டும்.

இனி, இவ்வேலையில் மிகமிகக் கருத்தாக இருக்க வேண்டிய ஒன்றைக் கூறுவோம். பழைய வடிகட்டி ஒன்றைக் கையில் எடுத்து அதன் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். நடுவே மரையுள்ள பெரிய துளை ஒன்றும், அதைச் சுற்றிச் சிறு துளைகளும் இருக்கும். எண்ணெய் சுற்றுத் துளைகளின் வழியே உள்ளே சென்று, தாளைக் கடந்து, நடுத்துளையின் வழியே தூய்மையாக வெளிவருகிறது. சிறு துளைகளின் உட்புறத்தில் மெல்லிய ரப்பர் மடல் ஒன்று இருப்பதைக் குச்சியால் தொட்டு அறியலாம். இயந்திரம் நின்ற பிறகு எண்ணெய் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுப்பதற்காக அது வைக்கப்பட்டுள்ளது. இரண்டு குழாய்களையும் மாற்றிப் பொருத்திவிட்டால் எண்ணெய் நடுத்துளை வழியே நுழைய முயலும். அந்த மடல் அதன் வெளிவழியை அடைத்துவிடும். இயந்திரத்திற்கு எண்ணெய் போய்ச்சேராது. அந்நிலையில் சில நிமிடம் ஓடினாலும் பேரிங்குகள் உருகிப்போகும். எனவே, அடாப்டரில் சுற்றுத் துளைகளுக்கு நேரான வாயிலிருந்து வரும் குழாய், வடிகட்டித் தலையில் 'உள்ளே' என்று குறியிட்ட வாய்க்கே செல்ல வேண்டும். தலையின் 'வெளியே' என்னும் வாயிலிருந்து வரும் குழாய் அடாப்டரின் நடுவாய்க்குத் திரும்ப வேண்டும். குறி அழிந்திருந்தால் ஒரு வாயில் காற்றை ஊதி, அது நடுவே வருகிறதா ஓரத்தில் வருகிறதா எனப் பார்த்து, வர்ணத்தால் அடையாளமிட்டுக்கொள்வது நன்று. மேலும், பழைய வடிகட்டியைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சிலவேளை இயந்திரத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் மேலே அடாப்டரைத் திருகினால் இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து, எண்ணெய் பீறிட்டு வெளியேறும்.

குழாயைத் தெரிவு செய்வதில் சிக்கனம் பார்த்தல் ஆகாது. எண்ணெயின் அழுத்தம் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மிகுதியாக இருக்கும். அதன் சூடோ 100 பாகை செல்சியஸைத் தாண்டும். ரேடியேட்டருக்குப் போடும் தண்ணீர்க் குழாயும் திருகு வளையமும் இதற்குத் தாங்கமாட்டா. எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டு, கம்பி வலை பொதிந்து, முனைகளில் உலோக இணைப்பு அழுத்திப் பொருத்தப்பட்ட குழாயே வேண்டும். 120 பாகைக்கு மேல் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். உள்விட்டம் அரை அங்குலத்திற்குக் குறைதல் கூடாது. அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 127 மில்லிலிட்டர் எண்ணெய் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளமுள்ள இரு குழாய்கள் என்றால் கால் லிட்டர் எண்ணெய் கூடுதலாகத் தேவை. இது அற்பமெனத் தோன்றலாம். ஆனால் அளவுக் கம்பியில் குறைவு தெரிய அதுவே போதும்.

ரப்பர்த் தோட்டத்தில் வாழும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய சுவையான செய்தி ஒன்று இங்கே உண்டு. வடிகட்டியின் வளையமும் இந்தக் குழாயின் உட்புறமும் ரப்பர்தான். எனினும் நாம் வெட்டியெடுக்கும் பாலில் செய்த ரப்பர் அன்று. இழுவைக்கும் துள்ளலுக்கும் நம் இயற்கை ரப்பருக்கு நிகரில்லை. விமானத்தின் டயரில் அதற்கு இன்றும் சிறப்பிடம் உண்டு. ஆனால் தாது எண்ணெயில் ஊறினால் அது பஞ்சைப்போல் ஊதி, மெலிந்து, வலுவிழக்கும். ஐயமிருப்பின் பழைய டியூப் துண்டொன்றையோ ஷீட் துண்டொன்றையோ ஒரு வாரம் கழிவெண்ணெயில் போட்டு வைத்துப் பாருங்கள். 1930களில் ஜெர்மானிய வேதியியலார் உருவாக்கிய நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதுவதில்லை. அதனால்தான் எண்ணெய் படும் வளையங்கள் அதில் செய்யப்படுகின்றன. வளையம் தொலைந்துபோனது என்று டியூபை வெட்டி வளையம் செய்து போடும் கைத்திறன் சிலரிடம் உண்டு. தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. இங்கே அது ஆபத்து.

வடிகட்டித் தலையைப் பொருத்த இடம் தேடும்போது, வாய் மேல்நோக்கியும் டப்பா கீழ்நோக்கித் தொங்கும்படியும் அமைவதே சிறப்பு. அப்போதுதான் கழற்றும்போது எண்ணெய் சிந்தாமல் டப்பாவிலேயே தங்கும். புதியதை எண்ணெய் நிரப்பியே ஏற்றவும் முடியும். புகைக் குழாய்க்கும் டர்போவுக்கும் அருகில் வைக்கக்கூடாது; கசியும் எண்ணெய் சூடான குழாயில் பட்டால் லோரி தீப்பற்றும். சக்கரம் எறியும் கல் படாத இடமாகவும், காட்டுக் கட்டையில் இடிபடாத உயரமாகவும் இருக்க வேண்டும். இயந்திரம் தன் தாங்கிகளின் மேல் ஆடிக்கொண்டே இருக்கிறது, அடிச்சட்டமோ ஆடுவதில்லை. ஆகவே குழாயை இழுத்துக் கட்டாமல் சற்றுத் தளர்வாக வளைத்து விட வேண்டும். இரும்புத் துளையின் வழியே செல்லும் இடத்தில் ரப்பர்க் காப்பு வைக்காவிட்டால் இரும்பின் விளிம்பு சில மாதங்களில் குழாயை அறுத்துவிடும்.

பொருத்தி முடித்தவுடன் சாவியைத் திருகி ஓட்டிவிடக் கூடாது. குழாய்கள் வெறுமையாக இருக்கின்றன. வடிகட்டியில் புதிய எண்ணெயை நிரப்பி, வளையத்தில் எண்ணெய் தடவி, வளையம் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்க வேண்டும். பின்பு எரிபொருளை நிறுத்தும் பிடியை இழுத்து வைத்துக்கொண்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். மின்னணு முறையில் இயங்கும் புதிய இயந்திரங்களில் கையேடு சொல்லும் வழியைப் பின்பற்றுக. இயந்திரம் ஓடத் தொடங்கி 10 விநாடிக்குள் விளக்கு அணையாவிடில் உடனே நிறுத்திவிட வேண்டும், குழாய்கள் மாறியிருக்கக்கூடும். எல்லாம் சரியானால் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, அணைத்துச் சற்றுப் பொறுத்து, அளவுக் கம்பியின் மேற்குறி வரை எண்ணெய் ஊற்றுக. அன்றிரவு வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், கசிவு இருக்குமாயின் காலையில் அதன் இடம் துலங்கும்.

இம்மாற்றத்தைச் செய்த லோரியில் வடிகட்டி மாற்றுவது சில நிமிட வேலை. டப்பாவின் அடியில் ஒரு வாளியைப் பிடித்து, ஒரு கையால் திருகி எடுத்துவிடலாம். எண்ணெய் தோலில் படுவது வெகுவாகக் குறைகிறது. இதுவும் சிறு நன்மையன்று. பயன்படுத்திய இயந்திர எண்ணெய் ஆண்டுக்கணக்கில் தோலில் பட்டுவந்தால் சிரங்கும், தோல் புற்றுநோயும் உண்டாகக்கூடும். கையுறை அணிவதும், எண்ணெய்த் துணியைச் சட்டைப் பைக்குள் செருகாதிருப்பதும், பெட்ரோலால் அன்றிச் சவர்க்காரத்தால் கை கழுவுவதும் டிரைவருக்கும் உதவியாளுக்கும் பழக்கமாக வேண்டும்.

கழித்த எண்ணெயை எங்கே ஊற்றுவது? மலேரியாக் கொசுவை ஒழிக்க ஒருகாலத்தில் தோட்டக் கால்வாய்களில் எண்ணெய் தெளித்தது உண்மை. அதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் கழிவெண்ணெயை வாய்க்காலில் விடுவோர் இருக்கின்றனர். அன்று தெளித்தது இயந்திரத்தில் வெந்து உலோகத் துகள் கலந்த எண்ணெயன்று. இன்று விடுவதோ கிணற்றையும் ஆற்றையும் கெடுக்கும் நஞ்சு. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர ஒழுங்குவிதிகள் இதனை அட்டவணைக் கழிவாக வகுத்துள்ளன. கழிந்த மசகெண்ணெயின் குறியீடு எஸ்.டபிள்யூ. 305, அதில் தோய்ந்த துணிகளும் வடிகட்டிகளும் எஸ்.டபிள்யூ. 410. இவற்றை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். பட்டறையில் இதற்கென மூடியுள்ள பீப்பாயை, மழைநீர் புகாத கூரையின்கீழ், குறியீட்டுச் சீட்டு ஒட்டி வைத்தல் வேண்டும். கழற்றிய வடிகட்டியைச் சூடு ஆறுமுன் ஒரு கம்பி வலையின்மேல் வாய் கீழாகக் கவிழ்த்து, பன்னிரண்டு மணி நேரம் வடியவிட்டு, பின்னரே அதற்குரிய பீப்பாயில் இடுக. புதிய வடிகட்டியின் டப்பாவில் மாற்றிய தேதியையும் மைல் கணக்கையும் வெள்ளை வர்ணத்தால் எழுதிவிட்டால், அடுத்த ஷிப்டில் வரும் டிரைவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.