நடமாடும் எக்ஸ்ரே: எப்போது அஞ்ச வேண்டும்?

வார்டுக்குள் எக்ஸ்ரே மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாலே பக்கத்துக் கட்டில்காரர்கள் பதறி வெளியேறுகிறார்கள். படம் எடுத்து முடிந்த பிறகும் உள்ளே வரத் தயங்குகிறார்கள். அதே வார்டில், அழும் குழந்தையை ஈய ஏப்ரன் இல்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தாயை யாரும் கவனிப்பதில்லை. அஞ்ச வேண்டிய நொடியை விட்டுவிட்டு, வேண்டாத நேரத்தில் அஞ்சுகிறோம்.

நம்பிக்கை: மிஷின் வந்துபோன இடத்தில் கதிர் தங்கியிருக்கும்.

உண்மை: மிஷினிலுள்ள எக்ஸ்ரே குழாய்க்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கிடைக்கும் அந்த நொடிப்பொழுதில் மட்டுமே எக்ஸ் கதிர் பிறக்கிறது. மின்னழுத்தம் நின்றால் கதிரும் நின்றுவிடும். சுவரிலும் போர்வையிலும் எதுவும் ஒட்டாது. வெல்டிங்கைச் சோதிக்கத் தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் இரிடியம்-192 ஓயாமல் கதிர் வீசும். அப்படிப்பட்ட கதிரியக்கப் பொருள் எதுவும் இந்த மிஷினுக்குள் கிடையாது.

நம்பிக்கை: சின்ன மிஷின்தானே, பக்கத்திலேயே நிற்கலாம்.

உண்மை: நெஞ்சுப் படம் ஒன்றில் நோயாளிக்குச் சேர்வது 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஆகவே தேவையான ஒரு படத்துக்கு நோயாளி அஞ்ச வேண்டாம். நாள் முழுக்கப் படம் எடுக்கும் ரேடியோகிராபரின் கணக்கு வேறு. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் ரேடியோகிராபர்மீது ஒவ்வொரு முறையும் விழுகிறது. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு விலகினால் அது ஏறத்தாழ கால் பங்காகக் குறையும். எக்ஸ்போஷர் பொத்தானுக்கு நீளமான கம்பி கொடுத்திருப்பது இதற்காகத்தான். குழந்தையைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் கர்ப்பிணி அல்லாத உறவினர் ஏப்ரன் அணிந்து பிடிக்கட்டும். அவர் கை நேர்க்கதிரில் படக் கூடாது.

ரேடியோகிராபர் அணியும் டிஎல்டி பேட்ஜ் அவரைக் காக்கும் என்பதும் தவறு. அது வாங்கிய கதிரை அளந்து சொல்லும், தடுக்காது.

நம்பிக்கை: படம் விழுகிறது, எனவே மிஷின் நன்றாக இருக்கிறது.

உண்மை: அதிகச் சேதம் விளைவிப்பது இந்த நம்பிக்கைதான். குழாய்க்குள் செல்லும் ஆற்றலில் சுமார் 99 சதவீதம் வெப்பமாகிறது. காசநோய் முகாமில் வரிசை நீள்கிறதென்று இடைவெளி விடாமல் எடுத்தால் குழாய் தாங்காது. குளிர்ந்து கிடந்த குழாய்க்கு எடுத்த எடுப்பில் முழுச் சுமை தந்தால் உள்ளிருக்கும் ஆனோடு விரிசல் விடலாம். சிறு எக்ஸ்போஷர்களால் முதலில் சூடேற்றுங்கள். எத்தனை, எந்த அளவில் என்பது கையேட்டில் இருக்கும். மாதக்கணக்கில் சார்ஜ் இறங்கிய நிலையில் கிடக்கும் பேட்டரியும் கெட்டுப்போகும்.

வேனில் கிராமச் சாலைகளில் குலுங்கிப் போகும் மிஷினில் இன்னொன்று நடக்கும். விளக்கொளி காட்டும் கட்டமும் கதிர் விழும் கட்டமும் மெல்ல விலகிவிடும். ஒளி நெஞ்சில் நிற்கும், கதிரோ வயிற்றுக்கும் பரவும். டிடெக்டர்மேல் ஒளிக் கட்டத்தின் நான்கு ஓரங்களிலும் நாணயங்களை வைத்து ஒரு படம் எடுத்தால் விலகல் தெரிந்துவிடும். ஒரு மீட்டர் தூரத்தில் அது 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் சரிசெய்யும்வரை அந்த மிஷினை முகாமுக்கு அனுப்பாதீர்கள்.

ஏப்ரனை மடித்துப் பெட்டியில் திணிப்பதும் வேண்டாம். மடிப்பில் ஈயத் தகடு வெடித்துவிடும். வெளித்துணியில் எதுவும் தெரியாது. தொங்கவிடுங்கள், ஆண்டுக்கொருமுறை அதையே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.