வாய்க்குள் ஒரு பாலம்

சோறு உண்ணும்போது மணலளவு கல் கடிபட்டாலும் உடனே தெரிந்துவிடுகிறது. அதே கல்லை உள்ளங்கையில் வைத்தால், கண்ணால் பார்த்தால்தான் தெரியும். வாயின் இந்த நுண்ணுணர்வு நமக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்த வாய்க்குள் புதிய பொருள் ஒன்றை நிலையாகப் பொருத்தினால் என்ன ஆகும்? பல் பாலம் கட்டிக்கொண்டவர்கள் முதல் சில நாட்கள் "ஏதோ உறுத்துகிறதே!" என்று சொல்வது இதனால்தான். இந்த உறுத்தலில் எது தானே அடங்கும், எது அடங்காது என்று ஆராய்வோம்.

பாலத்தின் அமைப்பு

கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் ஒன்று விழுந்துவிட்டது என்று கொள்வோம். மருத்துவர் அதன் இருபுறமும் உள்ள பற்களைச் சிறிது செதுக்கி, அவற்றின்மேல் உறைகளைப் பொருத்துவார். இரு உறைகளுக்கும் நடுவே, வெற்றிடத்தை நிரப்பும் செயற்கைப்பல் இணைந்திருக்கும். பக்கத்துப் பற்கள் தூண்கள், நடுப்பல் பாலம். உலோகம், பீங்கான் முதலியவற்றால் செய்து ஒருவகைச் சிமெண்டால் ஒட்டுகிறார்கள். ஏறக்குறைய 2,600 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் தங்கப் பட்டைகளால் இப்படிப் பல் கட்டியிருக்கிறார்கள்.

ஏன் உறுத்துகிறது?

பல், தாடை எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டதன்று. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ப்படலம் இருக்கிறது. விசையை உணரும் நரம்பு முனைகள் அதில் உள்ளன. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே சுமார் 20 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள தகடு இருந்தாலும் நாம் உணர்ந்துவிடுகிறோம். தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோமீட்டர். அப்படியென்றால் புதிய உறையின் சிறு மேடும் பெரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நாக்கும் சும்மா இருப்பதில்லை. புதிய இடத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். பாலம் முன்பற்களில் இருந்தால் பேச்சும் சற்று மாறும். த, ந ஆகிய ஒலிகளுக்கு நாக்கு மேல்பல்லின் பின்புறத்தைத் தொடவேண்டுமல்லவா?

உணர்வு அடங்குவது எப்படி?

ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடி, முன்கையில் ஒரு நாணயத்தை நண்பரை வைக்கச் சொல்லுங்கள். கையை அசைக்காதீர்கள். சிறிது நேரத்தில் நாணயம் இருக்கும் உணர்வு மங்கிவிடும். அதைச் சற்று நகர்த்தினால் உணர்வு மீண்டும் வரும். மாறாத தூண்டலுக்கு நரம்பு முனைகள் வரவரக் குறைவாகவே மறுமொழி தருகின்றன.

1926-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன், இங்வே சோட்டர்மன் ஆகியோர் இதை அளந்து காட்டினர். தவளைத் தசையை எடையால் இழுத்து நிறுத்தி, ஒரே நரம்பிழையில் செல்லும் மின்துடிப்புகளைப் பதிவு செய்தனர். எடை மாறாமல் இருந்தும் துடிப்புகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஏட்ரியன் 1932-இல் ஷெரிங்டனுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதோடு மூளையும் புதிய வடிவத்தைப் பழகிக்கொள்கிறது. ஆகவே வெறும் உறுத்தலும் பேச்சுத் தடுமாற்றமும் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ மறைகின்றன. ஆனால் வலியை உணரும் நரம்புகள் இப்படி எளிதில் அடங்குவதில்லை. தூண்டல் நீடித்தால் அவை கூர்மையடைவதும் உண்டு. வலி ஓர் எச்சரிக்கை மணி. அது தானே ஓய்ந்துவிட்டால் ஆபத்தல்லவா?

உயர்ந்துவிட்ட பல்

தாடை, இடுக்கியைப்போல மூன்றாம் வகை நெம்புகோல். காதின் முன்னுள்ள மூட்டு அதன் ஆதாரப்புள்ளி. அதற்கு அருகில் இருப்பதால் கடைவாய்ப்பற்களில் விசை மிகுதி. முழு வலுவோடு கடித்தால் 500 நியூட்டனுக்கு மேலும் செல்லும்; அதாவது 50 கிலோகிராம் மூட்டையின் எடை! இயல்பாக இந்த விசையைப் பல பற்கள் பகிர்ந்துகொள்கின்றன. பாலம் ஒரு மயிரிழை உயர்ந்திருந்தால், வாயை மூடும்போது முதல் சுமை அதன்மேலேயே விழும். ஒரு கால் நீண்ட பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறை பழக்கத்தால் தீராது. தாங்கும் பற்கள் நோகும். தாடைத் தசையும் வலிக்கலாம். மரத்துப்போகும் ஊசி போட்டிருக்கும்போது உயரம் சரியாகத் தெரியாது, மறுநாள்தான் தெரியவரும். மருத்துவர் சாயத்தாளைக் கடிக்கச் சொல்லி, சாயம் அழுத்தமாகப் பதிந்த இடத்தை மட்டும் தேய்த்துவிடுவார். சில நிமிட வேலைதான்.

சூடும் குளிர்ச்சியும்

சூடான காப்பியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் கை சுடும். பீங்கான் கோப்பையில் அவ்வளவு சுடுவதில்லை. உலோகம் எளிதில் வெப்பத்தைக் கடத்துகிறது. எனாமல் அரிதிற்கடத்தி. தூண்பற்களில் அதைச் செதுக்கி, உலோக உறை போட்டால் குளிர்ச்சி விரைவில் உள்ளே செல்லும். தொடக்கத்தில் கண நேரம் கூசி மறைவது இயல்பு. தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி நீடித்தால் பல்லினுள் இருக்கும் கூழில் அழற்சி இருக்கலாம்.

எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது?

நாளுக்கு நாள் குறைந்துவரும் உறுத்தலையும் கூச்சத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். கடிக்கும்போது ஒரே இடத்தில் வலி, இரவில் விண்விண்ணென்று தெறிப்பு, ஈறு வீக்கம், பாலம் ஆடுதல், துர்நாற்றம் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒருபக்கமாகவே மென்றுகொண்டிருந்தால், வித்தியாசத்தை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். காலம் கடந்தால், நன்றாயிருந்த தூண்பற்களையும் இழக்க நேரலாம்.

சிந்திக்க:
1. நாணயச் சோதனையில் நாணயத்தை நகர்த்தியதும் உணர்வு திரும்புவது ஏன்?
2. மூன்று பற்கள் தாங்கிய சுமையை இரண்டு தாங்கும்போது, ஒவ்வொன்றின் பங்கும் சராசரியாக எத்தனை மடங்கு ஆகும்?